அப்பாவின் காலை நான் வளர்த்த கதை

அரைகுறையாகப் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே குடும்பத்துக்குப் பெரிய உபகாரம். கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், முதல் வருடம் படித்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவுக்கு இன்று இரண்டு கால்களும் இருந்திருக்கும்.

ருவான்வெல்லைப் பக்கம் றப்பர் தோட்டம் எங்களுடையது (வேலை மட்டும்தான், தோட்டம் கம்பனிக்காரனுடையது). எங்கள் வரிசைவீட்டு லயத்திலிருந்து கெம்பஸ் போன முதல் ஆள் நான். படித்தது உயிரியல். ஆனால் லயத்தாருக்கு நான் 'டாக்டர்'. திருத்தியிருக்கலாம், மனசு வரவில்லை.

மாரியம்மன் திருவிழாவில் கோயில் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கையும் கையில் கொடுத்துத் தொலைத்தார். அந்த வாரம்தான் விரிவுரையில் கருவின் மூலவுயிர்க் கலங்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். பின்னாளில் விந்தாகவோ முட்டையாகவோ ஆகவேண்டிய உயிரணுக்கள் அவை. கருவிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தால் நரம்பு, தசை என்று பலவிதமாக மாற்றலாமாம். பழுதான உறுப்புகளைச் சீராக்க ஒருநாள் உதவக்கூடுமாம். "இன்னும் ஆராய்ச்சி மட்டத்தில்தான்" என்று விரிவுரையாளர் மூன்று தரம் சொன்னார். அதை மட்டும் மேடையில் முழுங்கிவிட்டேன்.

"நீங்க பால் வெட்டுறீங்க. சீவின பட்டை திரும்ப வளருதா இல்லையா? மனுசனுக்கும் அப்படித்தான் வளரப்போகுது!"

கைதட்டல் காதைப் பிளந்தது. முன்வரிசையில் அப்பாதான் பலமாகத் தட்டினார்.

அவருடைய வலதுகால் பெருவிரல் சீனி வருத்தத்தால் (நீரிழிவுதான்) கறுத்துப்போயிருந்தது. விரலை எடுக்க ஆஸ்பத்திரியில் நாளும் குறித்திருந்தார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை, படிப்பு கெட்டுவிடுமாம்.

அந்த நாளில் அப்பா போகவில்லை. அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள்.

"அடி போடி! பெத்த மகன் மைக்குல சொல்றான். மரத்த ஆறப்போட்டா பட்டை வளரலியா? இதையும் கொஞ்சம் ஆறப்போடுவோம்."

ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு ஓடினேன். அப்பா பக்கத்துக் கட்டில் சிங்களக் கிழவரிடம், "மகே புத்தா, டொக்டர்" (என் மகன், டாக்டர்) என்று என்னைப் பெருமையாகக் காட்டினார். கிழவர் உடனே தன் எக்ஸ்ரேயை நீட்டினார் (வாங்கி வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், வெட்கங்கெட்டவன்).

"அப்பா, நான் டாக்டர் இல்லப்பா. அதெல்லாம் இன்னும் எலியிலதான் செஞ்சு பாக்குறாங்க."

"அத ஏன் தம்பி மைக்குல சொல்லல?"

எக்ஸ்ரேயைக் கிழவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பாவுக்குச் செருப்பு வாங்கிப் போவேன். ஒற்றைச் செருப்பு எந்தக் கடையில் விற்கிறான்? இடதை மாட்டிக்கொண்டு, வலதை என்னிடம் நீட்டுவார்.

"பத்திரமா வைங்க டாக்டர். வளந்ததும் கேக்குறேன்."

லயமே சிரிக்கும். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். என் அலுமாரியில் இப்போது ஆறு புதுச் செருப்புகள் இருக்கின்றன, எல்லாம் வலதுகாலுக்கு.