கிணற்றுக்குக் கிடைத்த சான்றிதழ்

என் கிணற்றைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நாற்பத்திரண்டு அடி. இடம் பார்த்தது நான். பாறை வந்ததும் தோண்டுகிறவர்கள் மேலே ஏறிவிட்டார்கள்; கெஞ்சிக் கூத்தாடி அவர்களை மறுபடி இறக்கியதும் நான்தான். அப்பேர்ப்பட்ட கிணற்றைப் பார்த்து என் வீட்டுக்காரி கேட்டாள்:

“இந்தத் தண்ணியை எப்பவாவது டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?”

“அமிர்தத்தை எவனாவது டெஸ்ட் பண்ணுவானா?”

“அமிர்தம்னா பக்கெட் ஏங்க செவந்து கிடக்கு?”

“அது இரும்புச் சத்து. உடம்புக்கு நல்லது.”

“பக்கெட்டோட உடம்புக்கா? ஒரு ஃபில்டர் மெஷின் வைக்கலாம்னு எத்தனை தடவை கேட்டாச்சு!”

ஃபில்டரா? என் கிணற்றுக்கா? அங்கேயே பந்தயம் கட்டினேன். பரிசோதனையில் தண்ணீர் தேறாவிட்டால் மெஷின் வாங்கித் தருகிறேன். கிணற்றுப் பெருமை பேசுவதையும் அத்தோடு நிறுத்திவிடுகிறேன். தேறிவிட்டால், ஃபில்டர் என்ற வார்த்தையே இனி அவள் வாயிலிருந்து வரக் கூடாது.

“சத்தியமா வராது,” என்றாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவள் இல்லையே! பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டிலும் ஒரு விதிமுறைத் தாளும் கொடுத்தார்கள். நான் ஆபீஸில் கோப்பு பார்க்கிறவன். விதிமுறை என்றால் உயிரை விடுவேன். லீவு போட்டுவிட்டு, பாட்டிலும் கையுமாகச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

“இங்க எதுக்கு வர்றீங்க? கிணத்துல வாளியை விட்டு எடுக்க வேண்டியதுதானே?”

“உனக்கு என்ன தெரியும்? ஏழாவது விதி: ‘குடிக்கப் பயன்படுத்தும் குழாயிலிருந்தே எடுக்க வேண்டும்.’ எது குடிக்கிற குழாய்?”

“அந்தச் சின்னக் குழாய். ஆனா நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...”

“விதிக்கு மேல பேசாதே!”

“சரிங்க.”

அந்தச் சின்னக் குழாய், குழாய் வேலை பார்க்கும் என் மச்சினன் ஆறு மாசம் முன்பு, நான் வெளியூர் போயிருந்தபோது போட்டுக்கொடுத்தது. அழகுக்குப் போட்டதாக்கும் என்று விட்டிருந்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்தேன். ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரக் கெடு இருக்க, ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. உப்பு சொற்பம். இரும்பு இல்லை. நைட்ரேட் இல்லை. கிருமி இல்லவே இல்லை.

“கிணத்துத் தண்ணியா சார்? நம்பவே முடியலையே!” என்றார் முடிவைக் கையில் கொடுத்த பரிசோதனைக் கூடத்து அம்மா.

“என் கிணறும்மா,” என்றேன். கண் கலங்கிவிட்டது.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக்காரியும் வாக்குத் தவறவில்லை. ஃபில்டர் என்று மூச்சுகூட விடவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் ஆசை ஆசையாக ஒரு குடம் இறைத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் ஒரு டம்ளரோடு திரும்பி வந்தார்.

“என்ன சார் இது? டீ போட்டா மையாட்டம் கறுக்குது!”

“டீத்தூளை மாத்துங்க. எங்க வீட்டு டீ ஆறு மாசமா தங்கமா இருக்கு!”

சொன்ன பிறகுதான் அந்த ஆறு மாசம் எனக்கே இடித்தது. திரும்பி வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் வாயில் விரலை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு மெஷின் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு ட்யூப் நேராக அந்தச் சின்னக் குழாய்க்குப் போனது.

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“விதிக்கு மேல பேசாதேன்னீங்களே.”

தையல்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். இருந்தாலும் நாற்பத்திரண்டு அடி நாற்பத்திரண்டு அடிதானே என்று மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சான்றிதழ் தொட்டிக்குக் கீழே, அலமாரிக் கதவில் தொங்கியது.

“என்னடி இது?”

“பாஸானது யாரோ, அவங்க வீட்டு வாசல்ல மாட்டிட்டேங்க.”