புழுவுக்கு என்ன அர்த்தம்?

விக்னேஷ்வரன் காபியை வாயில் வைப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது.

“தம்பி, ‘ஏழாவது இழுப்பு’ பாத்திருக்கீகளா?”

கேட்டவர் கருத்தப்பாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவர், நாகஜோதியின் அப்பா. ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் விக்னேஷ்வரனும் நாகஜோதியும் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாக பஸ் ஏறி, கடைசியில் ஒன்றாகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு இந்த மனிதர் தலையை ஆட்ட வேண்டும்.

‘ஏழாவது இழுப்பு’ ஒரு சினிமா. எவரோ கஞ்சா போதையிலேயே ஏழு நாளில் எழுதி முடித்த நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். எடுத்தவராவது தெளிவாக இருந்தாரா என்பது இன்றுவரை தெரியவில்லை. தொண்ணூற்றாறில் வந்து நாலு நாள் ஓடியது. இப்போது இன்டர்நெட்டில் அதற்குப் பெரிய பக்தர் கூட்டமே இருக்கிறது.

விக்னேஷ்வரன் அதைப் பார்த்ததில்லை. ஆனால் நாகஜோதி முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தாள். “எங்கப்பாகிட்ட காவியம்னு சொல்லுங்க. எங்க மாமாகிட்ட குப்பைன்னு சொல்லுங்க. மாத்திச் சொல்லிட்டீகன்னா நம்ம சோலி முடிஞ்சது.”

“காவியம் மாமா” என்றான்.

வாத்தியார் முகம் மலர்ந்தது. “கடைசியில அந்தப் புழு?”

“அத மறக்க முடியுமா?”

அவ்வளவுதான், காபி ஆறிப்போனது. கடைசிப் பத்து நிமிடம் வசனமே கிடையாதாம். திரை முழுக்க ஒரே ஒரு புழு பச்சையான எதையோ குடைந்துகொண்டே உள்ளே போகுமாம். பிறகு வெண்புகைக்கு நடுவே முகமூடிக்காரன் ஒருவன் வருவானாம். புழுதான் போதை, முகமூடிக்காரன் எமன் என்று வாத்தியார் விளக்கினார். நாவலிலேயே இல்லாத காட்சியை வைத்தானே, அவனல்லவா டைரக்டர் என்று கண் கலங்கினார். விக்னேஷ்வரனும் பிழைப்புக்காகக் கொஞ்சம் கலங்கினான்.

அடுத்த ஞாயிறு ராஜபாளையத்தில் நாகஜோதியின் தாய்மாமா சமுத்திரம் வீடு. சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். தாய்மாமன் தாம்பூலத் தட்டைத் தொடாமல் அவர்கள் குடும்பத்தில் கல்யாண உறுதிப் பேச்சு கிடையாது.

“புழுவ பத்து நிமிசம் காட்டுதான். அதுக்கு நான் டிக்கெட் எடுக்கணுமாய்யா?”

“புழு வந்ததுமே நான் எந்திரிச்சு வந்துட்டேன் மாமா” என்றான் விக்னேஷ்வரன். சமுத்திரம் அவன் தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தார்.

வாத்தியாரும் மச்சினரும் அந்தப் படத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள். வெளியே வந்தபோது தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நாகஜோதியின் காதுகுத்து அன்று மாமன் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே புழு விஷயமாகச் சண்டை மூண்டு, அன்றைக்கு ஒரு காதுதான் குத்தினார்கள். இப்படிப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பையன் நம்ம கட்சி என்று ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்கள். பத்தாவது நிமிடம் குட்டு வெளிப்பட்டது. உறுதி அன்றைக்குச் சபையில் வைத்தே கேட்டுவிடுவோம் என்று தீர்ப்பாயிற்று.

விக்னேஷ்வரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், கம்பெனியில் நல்ல துணியைக் கழிவில் போட்டான். இனிப் பொய் உதவாது, படத்தைப் பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லிவிடுவோம் என்று துணிந்தான். சாப்பாட்டு இடைவேளையில் ஒளிந்து உட்கார்ந்து மொபைலில் பார்த்தான்.

கடைசியில் கதாநாயகன் கஞ்சாப் பொட்டலத்தைத் தண்டவாளத்தில் எறிந்துவிட்டு ஒரு டீ குடித்தான். படம் முடிந்தது. புழுவைக் காணோம். தூங்கிவிட்டோமோ என்று மறுபடி பார்த்தான். மறுபடியும் டீதான்.

உறுதி நாளன்று வாசலில் பந்தல், சபை நிறையச் சொந்தம். தட்டு நடுவில் இருந்தது.

“இப்பச் சொல்லுங்க தம்பி. அந்தப் புழுவுக்கு என்ன அர்த்தம்?” என்றார் வாத்தியார்.

“படத்துல புழுவே இல்ல மாமா” என்றான் விக்னேஷ்வரன்.

இருபத்தெட்டு வருடமாக எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே பக்கம் வந்தார்கள்.

“படத்தையே பாக்காம என் வீட்டுக் கறியத் தின்னுருக்கான் அத்தான்” என்றார் சமுத்திரம்.

விக்னேஷ்வரன் மொபைலை நீட்டி அந்த டீயைக் காட்டினான். சென்சார்காரன் வெட்டிவிட்டான் என்றார் வாத்தியார். ஆமாம், வெட்டித்தான் இருப்பான் என்றார் மச்சினர். நாகஜோதி வாசற்படியில் நின்று அழத் தொடங்கினாள். சமுத்திரம் தட்டைத் தொட்டார். தொட்டவர், அதை மாப்பிள்ளை வீட்டார் பக்கமே தள்ளிவிட்டார். விக்னேஷ்வரனின் அப்பா எழுந்து செருப்பைத் தேடினார்.

சபை கலைகிறது என்று நினைத்து, சாமியானாக்கடை நைனா முகமது நாற்காலிகளை மடக்க வந்தார். சின்ன வயதில், ஒரே படம் இரண்டு ஊரில் ஓடும்போது, ராஜபாளையம் கொட்டகையில் ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்த ஆள் அவர். சண்டை எதைப் பற்றி என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தார். கேட்டதும் மடக்கிய நாற்காலியைத் திரும்ப விரித்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வாத்தியாரய்யா, கோவிச்சுக்கிடாதீக. அன்னைக்கிக் கடைசி ரீலோட நான் பாதி வழியில பஞ்சராகி நின்னுட்டேன். சனம் கத்துதேன்னு ஆபரேட்டரு கையில கெடச்சத ஓட்டிட்டாரு. அது, பருத்திப் புழுவுக்கு மருந்தடிக்கது எப்படின்னு விவசாய ஆபீஸ்ல குடுத்து வச்சிருந்த படம்.”