ஜெரோம் சாப்பிட்ட தர்பூசணித் தோல் கூட்டு

எனக்குச் சுகர் வந்து மூணு மாசம் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பழம் என் மனைவி செவ்வந்திக்கு. தோல் எனக்கு.

"பழத்துலதானுங்க சுகர் இருக்குது. தோலு என்னங்க பண்ணுச்சு, பாவம்" என்கிறாள்.

வாழைப்பழத் தோல் துவையல், ஆரஞ்சுத் தோல் பச்சடி, தர்பூசணித் தோல் கூட்டு. தெருவில் திரியும் மாடு ஒன்று தினமும் எங்கள் கேட்டில் நின்று என்னை முறைக்கிறது. அதன் சாப்பாட்டைத்தானே நான் தின்கிறேன்!

நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாளே, "அருமையா இருக்குது அம்மணி"ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ஆக்கிப் போட்டவங்க முகத்துக்கு நேராகக் குறை சொல்ல எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் யாருக்கும் வாய் வராது.

அதற்குத்தான் ஆபீஸ் நண்பன் ஜெரோமைப் பிடித்தேன். மேனேஜர் வீட்டுக் கல்யாணத்திலேயே சாம்பாரில் உப்பில்லை என்று மைக்கில் சொன்னவன்.

"ஒரு வாய் சாப்பிடு. 'இது மாட்டுக்குப் போடறது'ன்னு சொல்லு. அது போதும்டா."

"இவ்வளவுதானே? விடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான்.

"வாங்ண்ணா. அண்ணி வரலீங்களா? உக்காருங்ண்ணா. மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள் செவ்வந்தி.

ஜெரோம் முகம் இளகியது.

கூட்டு வந்தது. மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"எப்படிங்ண்ணா இருக்குது? கூச்சப்படாம சொல்லுங்க. நல்லாயில்லீன்னா இன்னியோட நிறுத்திப்போடறேன்."

என் மிச்ச ஆயுசு அவன் வாயில் இருந்தது. மென்றான். விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சூப்பருங்க தங்கச்சி. சொரக்காயெல்லாம் கிட்ட நிக்க முடியாது."

"இன்னொரு கரண்டி போடட்டுங்களா?"

"போடுங்க."

கேட் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

"துரோகி!"

"வாய்க்கு வாய் அண்ணாங்கறாங்க. எப்படிடா சொல்றது? நீயே சொல்ல வேண்டியதுதானே?"

உள்ளே வந்தால் செவ்வந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

"ஏனுங்க, அவரை எதுக்குக் கூட்டியாந்தீங்கன்னு தெரியாதுங்களா எனக்கு? எலைக்கு முன்னாடி உக்காந்து குத்தஞ்சொல்ற ஆம்பளைய நம்மூருல நான் பார்த்ததே இல்லீங்க."

கழுவிய பாத்திரத்தை வாங்கித் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் சாயந்தரம் ஜெரோம் வாசலில் நின்றான். கையில் கனமான கட்டைப்பை. உள்ளே முழுக்கத் தர்பூசணித் தோல்.

"தங்கச்சி எங்க ஊட்டுக்காரி அன்புக்கரசிக்குப் போன் பண்ணுச்சாம். இனிமேல் எங்க ஊட்லயும் தோலைக் கொட்டறதில்லன்னு முடிவாயிருச்சு."

சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. "அப்ப நீயும் மாட்டிக்கிட்டயா?"

"நானெதுக்கு? பழத்தை நாங்க தின்னாச்சு. இது உனக்கு."