மைச்சாமியும் இரண்டு வரிசைகளும்

எழுபத்தொன்றாம் வருஷம் மெட்ராஸே கண் சிவந்து நின்றது. கோபத்தில் இல்லை, கண்வலியில். டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை எல்லாக் கம்பெனி வாசலிலும் ஒரே சட்டம்: கண் சிவந்தவன் வீட்டுக்கு, அவன் இடத்துக்கு வாசலில் நிற்கும் பதிலி ஆள் உள்ளே. நாளைக்கு எந்த வாசலில் எத்தனை ஆள் எடுப்பார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. மைச்சாமிக்குத் தெரியும்.

டோல்கேட்டில் கொட்டகை. வெற்றிலையில் மை தடவி, கண்ணைச் செருகி, "நாளைக்கு பெயின்ட் கம்பெனி, இருபது ஆளு" என்பார். போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு! அப்புறம் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? இடப்பக்க வரிசையில் நிரந்தரத் தொழிலாளிகள், கண்வலி வராமலிருக்க. வலப்பக்கம் பதிலிகள், வேலை கிடைக்க. "எந்த கம்பெனிப்பா நீ?" என்று அன்போடு விசாரித்து, இமையில் மை தீட்டுவார். அத்தனை பேருக்கும் ஒரே டப்பா, ஒரே விரல். ஆளுக்கு எட்டணா, வசூல் சாமியின் மச்சான்.

ராயபுரம் இன்னாசி பெயின்ட் கம்பெனியில் பதிலி. பன்னிரண்டு நாள் விடாமல் வந்தால் பெயர் நிரந்தரப் பதிவேட்டில் ஏறும். பதினோரு நாள் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரே நாள். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிய கையோடு மைச்சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிற ஜாக்கிரதைக்காரன் அவன்.

அவன் மனைவி ஃப்ளோரா டிஸ்பென்சரியில் ஆயா. தினமும் கண்வலிக்காரர்களின் துணியை வெந்நீரில் போட்டு எடுப்பவள். "யோவ், ஊரு கண்ணையெல்லாம் தொட்ட வெரலுய்யா அது" என்றாள்.

"கம்முனு கெடமே. சாமி மேட்டருல உனுக்கு இன்னா தெரியும்?"

சொன்னபடியே போய் மை தீட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்த மட்டும் செக்கச்செவேல். போர்மேன் வேதமாணிக்கம் நாலடி தள்ளி நின்றே பார்த்தார். "வூட்டுக்குப் போ."

"சார், இன்னிக்கு ஒரு நாளுதான் சார்!"

"வுட்டுப் போனா மறுபடி ஒண்ணாம் நாளு. ரூல்ஸு."

இன்னாசி வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அழுகை எது, கண்வலி எது என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயந்திரம் எங்கே போனான்? சாமியிடம்தான்! "பக்தி பத்தலை. ரெண்டாந்தபா மை. ஒரு ரூபா" என்றார் சாமி. இன்னாசி முகத்தை நீட்டினான். பின்னாலேயே வந்த ஃப்ளோரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சாமி, மொதல்ல இவரு கண்ணைத் தொடு. அதே வெரலால உன் கண்ணுல வெச்சுக்கோ. ஒரு ரூபா இன்னா, என் கம்மலையே கயட்டித் தர்றேன்."

சாமி விரலை அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஞானக் கண்ணுக்கு மை எதுக்கு தாயே?"

"அப்போ துட்டு வாங்கிக்கினு கீறானே உன் மச்சான், அவனுக்கு வை!"

மச்சான் துள்ளிப் பின்வாங்கினான். கால் பட்டு, சாமிக்குப் பின்னால் சாத்தியிருந்த பலகை சரிந்தது. அதன் பின்னால் ஒரு வாளித் தண்ணீர், பாதி தேய்ந்த கார்பாலிக் சோப்பு. பக்தருக்கு மை, சாமிக்கு சோப்பு!

இடப்பக்க வரிசையில் நின்ற மஜீதும் பெயின்ட் கம்பெனிக்காரன்தான். சாமியிடம் மை தீட்டிக்கொண்டும் மூன்று நாளாகக் கண் சிவந்து வீட்டில் கிடந்தவன், ரெண்டாந்தபா மைக்கு வந்திருந்தான். அவனுக்கு இப்போதுதான் கணக்கு புரிந்தது.

"அடப்பாவி! எந்த கம்பெனி, எந்த கம்பெனின்னு இதுக்கா கேட்டே? எங்க கண்ணை அவிச்சுட்டு, எங்க எடத்தையே காலின்னு இவங்களுக்கு வித்துகினு இருந்தியா?"

இரண்டு வரிசையும் ஒன்றாகித் திரும்புவதற்குள் சாமி எண்ணூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். ஞானக் கண்ணுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கலைந்துபோன கூட்டத்தில் யாரோ இன்னாசியின் காதைக் கடித்தார்கள்: "புளியந்தோப்புல வேறொரு சாமி கீறாராம் நைனா. அவரு எலுமிச்சம்பழமாம்." இன்னாசி ஒரு நிமிஷம் யோசித்தான். ஃப்ளோரா முறைத்தாள்.

கண் நாலு நாளில் தெளிந்துவிடும். புத்தி தெளியத்தான் எந்த டிஸ்பென்சரியிலும் மருந்து கிடையாது. அதற்கு அவரவர் மண்டையை அவரவர்தான் கசக்க வேண்டும்.