வெள்ளைத் தொப்பியின் தீர்ப்பு

“டீச்சர், பரீட்சகர் வந்துகீறாரு,” என்றார் ஸ்கோர் எழுதும் ஏசுதாஸ். “மெட்ராஸ் ஆளு. யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். கூட்டத்தோட கூட்டமா உக்காந்து பாப்பாராம்.”

சௌந்தரவல்லி அம்பயரின் கம்பி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். உள்ளே மூக்குக்கண்ணாடி அழுத்தியது.

அவள் திருக்கழுக்குன்றத்தில் கணக்கு டீச்சர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இல்லாததால் சாஃப்ட்பால் பெண்களை ஊர் ஊராக அழைத்துப்போனவள், போன இடத்தில் ஆட்டத்தின் மேல் ஆசை வைத்துவிட்டாள். சென்ற ஆண்டு அம்பயர் பரீட்சையில், குரல் எழவில்லை, முடிவில் உறுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் தினமும் மொட்டைமாடியில் நின்று “ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்” என்று கத்திப் பழகினாள். எதிர்வீட்டுத் தாலுகா ஆபீஸ் உப்பிலி பதறிப்போய் வந்தார்.

“போன வருஷம் ஸ்ட்ரைக் பண்ணி நம்ம வேலை போய்த் திரும்பி வந்தது போதாதா டீச்சர்? மறுபடியுமா?”

இன்று அவளுக்கு மறுபரீட்சை; செங்கல்பட்டுக்கும் கோவளத்துக்கும் நடக்கும் ஆட்டத்தில் அவள்தான் அம்பயர். வேப்பமரத்தடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்தான் என்று முடிவு செய்தாள்.

நாலாவது இன்னிங்ஸ் வரை சிக்கல் இல்லை. அப்போது கோவளத்துப் பெண் ஒருத்தி அடித்த பந்து வேலிவரை போனது. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக, அவள் நின்ற ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவளுக்குச் சௌந்தரவல்லி இரு கைகளையும் விரித்தாள். சேஃப். பின்னாலேயே சிநேகா என்ற பெண் சறுக்கி விழுந்தாள். அதற்குள் கேட்சர் பந்தை அவள் மேல் வைத்துவிட்டாள். முஷ்டியை உயர்த்தி, “அவுட்” என்றாள்.

உடனே மரத்தடியைப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி இரு கைகளையும் விரித்திருந்தார்.

“சேஃப்,” என்று தானும் விரித்தாள்.

செங்கல்பட்டு கோச் ஜெயகிருஷ்ணன் ஓடிவந்தார். “இன்னா டீச்சர், இப்பதான அவுட்டுன்னீங்க?”

மறுபடி பார்த்தாள். தொப்பிக்காரர் முஷ்டியை உயர்த்தியிருந்தார்.

“அவுட்தான்,” என்றாள், தானும் உயர்த்தி.

இப்போது கோவளம் கோச் முனிசாமி வந்தார். “ஒருவாட்டி செவப்பு, ஒருவாட்டி பச்சை. சிக்னல் லைட்டாம்மா நீங்க?”

மரத்தடியில் கைகள் மறுபடி விரிந்திருந்தன. சௌந்தரவல்லியின் கைகள் பாதி விரிந்து, அப்படியே நின்றன.

மண்ணில் கிடந்த சிநேகா தலையைத் தூக்கினாள். “டீச்சர், எழுந்துக்கவா, இப்டியே கெடக்கவா? முட்டி எரியுது.”

“அந்தப் பந்து செல்லாது. திரும்ப ஆடுங்கோ,” என்றாள்.

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கோச்சுகளும் தோளோடு தோள் சேர்ந்து அவளை நோக்கி வந்தார்கள். அப்படி ஒரு ரூலே கிடையாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அது சரியான கருத்து என்று அவளுக்கும் தெரியும்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். பரீட்சை போனால் போகிறது. முட்டி எரியக் கிடக்கும் பெண்ணுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். வேப்பமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“பந்து உன் மேல பட்டப்புறம்தான் உன் கால் வந்தது. நான் பார்த்தேன். அவுட்.”

குரல் பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கும். கோச்சுகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“அவுட்டுதான் டீச்சர்,” என்றாள் சிநேகா, மண்ணைத் தட்டிக்கொண்டு. “எனக்கே தெரியும்.”

அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை சௌந்தரவல்லி மரத்தடிப் பக்கம் திரும்பவில்லை.

ஏசுதாஸ் வேகமாக வந்தார். “டீச்சர், பாஸு. மொதல்ல தடுமாறினாலும் கடைசில அந்தம்மா யாருக்கும் பயப்படலன்னு பரீட்சகர் சொன்னாராம்.”

சௌந்தரவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பெரிய மனசு. நன்றி சொல்ல நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள். வெள்ளைத் தொப்பிக்காரர் சட்டென்று எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

“அடுத்த மேட்சுல எனக்குப் பரீட்சை மேடம், நீங்க காட்டக் காட்ட நானும் பின்னாடியே கையப் போட்டுப் பழகிகினேன், ஒரே பொண்ணுக்கு அவுட்டு, சேஃபுன்னு எத்தினிவாட்டி மாத்தணும்னு மட்டும் சொல்லிடுங்க.”