சூடானால்தான் பிடிக்கும் பிரேக்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார்களைப் பற்றி நான் அவ்வளவு பேசியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் பேசாமல் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எனக்குக் கல்யாணமான புதிதில், என் மனைவி ஜெனியின் அண்ணன் ஆல்பர்ட் பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். குன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே கிறுக்குத்தனம் அந்தச் சிவப்பு வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். உட்காருவது என்றால் ஏறக்குறையப் படுத்துக்கொள்வது. அதன் பிரேக் பேடு தேய்ந்துபோயிருந்தது, மாற்ற வேண்டும் என்றார்.

நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். என்னிடம் இருந்தது டூவீலர் லைசன்ஸ். "எங்கிட்ட உடுங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றேன். (புது மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம்.)

ஒரு வாரம் போனும் கையுமாக இருந்து, பந்தயக் கார்களுக்குப் போடுகிற பேடு ஒன்றைக் கண்டுபிடித்தேன். எவ்வளவு சூட்டிலும் பிடியை விடாதாம். மலை இறக்கத்துக்கு வேறென்ன வேண்டும்? உடனே வரவழைத்தேன்.

மெக்கானிக் பாபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ரேசுல ஓடற வண்டிக்குங்க. நல்லா சூடானாத்தான் புடிக்கும். நம்மூர்ல எங்கீங்க சூடாகறது?"

"நீங்க மாட்டுங்க பாபு. நான் எல்லாம் படிச்சிட்டேன்."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். தங்கை புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மாட்டியதும் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டி நிதானமாக யோசித்து, பிறகு நின்றது. அப்போது ஒரு சத்தம் வந்தது. சாதாரணக் கிரீச் இல்லை. தூரத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே நம்மை நோக்கி நடந்து வருவது போன்ற நீண்ட ஊளை. தெருநாய்கள் நான்கும் எழுந்து நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

"ரேஸ் வண்டி சத்தம் மச்சான், அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, ஜெகதளா பக்கம் இருக்கும் என் மாமனார் வீட்டில் வண்டியைக் காட்டக் கிளம்பினோம். எஸ்டேட் ரோட்டில் இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் போயின, பிறகு தேயிலை, கடைசியில் எங்கள் வண்டியின் முன்பக்கம். பறவைச் சத்தம்கூட இல்லை.

ஒரு வளைவில், ரோட்டை அடைத்தபடி வெள்ளை வெள்ளையாக உருவங்கள் நின்றன. அசையவில்லை.

மச்சான் பிரேக்கை மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு காலாலும் மிதித்தார். வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது அந்த ஊளை கிளம்பியது. பனிக்குள் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. மலையே அழுவது போலிருந்தது. நான் கண்ணை மூடி, "மாதாவே, நான்தான் செலக்ட் பண்ணேன், மச்சான் ஒண்ணும் பண்ணல" என்று உண்மையை ஒப்புக்கொண்டேன்.

வண்டி நின்றது.

கண்ணைத் திறந்தேன். ஒரு மனிதர்கூட இல்லை. எங்களுக்கு ஒரு முழம் முன்னால், ரோட்டின் நடுவில், ஒரு சவப்பெட்டி மட்டும் தனியாக இருந்தது. அதன்மேல் ஒரு சாமந்தி மாலை.

இறங்கினோம். எங்கே போவது, என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"ஏனுங்க... அங்க நிக்கறது யாருங்க?"

"நாங்கதாங்க" என்றார் மச்சான்.

"நாங்கன்னா?"

"மருந்துக்கடை ஆல்பர்ட்டுங்க."

"அழுதது யாருங்க?"

"அது வந்து... பிரேக்குங்க."

வெள்ளை உடுத்திய ஆட்கள் ஒவ்வொருவராகச் செடிகளிலிருந்து எழுந்து வந்தார்கள். கல்லறைக்குப் போகும் வழியில், பனிக்குள் ஊளை நெருங்கி வருவதைக் கேட்டதும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிதறியிருக்கிறார்கள். தூக்கி வந்தவர்களில் இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபம் சொல்ல வந்திருந்த கோயில் உபதேசியார் மட்டும் எங்கள் தோள்களை அளப்பது போலப் பார்த்தார்.

ஆக, பெயர்கூடத் தெரியாத ஒருவரை நாங்கள் சுமந்தோம். கல்லறை மேட்டில் இருந்தது. மச்சான் முன்னால் பிடித்தார், நான் பின்னால். (ஏற்றத்தில் கனமெல்லாம் யார் தோளில் விழும் என்பதை நான் எங்கும் படித்திருக்கவில்லை.)

எல்லாம் முடிந்ததும் இறந்தவரின் மகள் ரோஸியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வயதிருக்கும், எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. அவர் என்னைப் பார்க்காமல் மச்சானைக் கேட்டார்.

"வண்டி எப்படீங்க நின்னுச்சு?"

"தெரியலீங்கம்மா. பேடு புடிக்கவே இல்லீங்க."

"கியரு, ஹேண்ட்பிரேக்கு?"

"எதையும் தொட்ட ஞாபகம் இல்லீங்க."

ரோஸி தலையாட்டினார். "எங்கப்பா எஸ்டேட் கேட்டுல வாட்ச்மேனுங்க. ஆயுசு பூரா வண்டிய நிறுத்தறதுதான் வேல. அவரு கையக் காட்டுனா மேனேஜர் ஜீப்பும் நிக்கோணும்." அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மறுநாளே பாபு அந்தப் பேடைக் கழற்றிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நாங்கள் அந்த மேட்டுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ரோஸி தன் சொந்தக்காரர்களிடம் எங்களைக் காட்டி, "எங்கப்பா கடைசியா நிறுத்துன வண்டிக்காரங்க" என்று அறிமுகம் செய்வார்.

எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்குவதானாலும் சரி, மெத்தை வாங்குவதானாலும் சரி, என்னிடம் யாரும் கேட்பதில்லை. நானாக வாயைத் திறந்தால் ஜெனி எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாள்: "இவரு செலக்ட் பண்ணுனா, அத நிறுத்தறதுக்கு செத்தவங்கதான் எந்திரிச்சு வரோணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மச்சான் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.