இடம் தெரியாத போட்டோ

நடந்த இடம் தெரியாவிட்டால் நடந்ததையே நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்களுக்கு அவர் 'எங்கீங்க'. கோவை எல்லையோரத்து வடகரப்பதிக்காரர். எதைச் சொன்னாலும் முதலில் "எங்கீங்க?" என்று கேட்பார், அதுவே பெயராகிவிட்டது.

பாலக்காட்டில் ஒரு சின்ன ஆபீசில் நாங்கள் கணினி நூலகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். திரையில் விரியும் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த இடத்தின் பழைய போட்டோ, செய்தி, பேச்சு எல்லாம் திறக்கும். வடிவமைப்பு அவர், ஊர் ஊராகப் போய்ச் சேகரிப்பது நான். ஒருநாள் என் மாமா இறந்துவிட்டார் என்று லீவு கேட்டேன்.

"அடடா... எங்கீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"எந்தக் கட்டடமுங்க? பழசா, புதுசா?"

துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இடம் தெரியாத எதையும் அவர் நூலகத்தில் ஏற்றமாட்டார். போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்வி தந்த போட்டோ அப்படித்தான் வெளியிலேயே கிடந்தது. செல்வி சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மாவை அடக்கம் செய்த படம். பின்னால் ஒரு பாறை, ஒரு தண்ணீர்த்தொட்டி. அந்த இடுகாட்டில் பிறகு ஏலம் நட்டுவிட்டார்கள்; அம்மாவைப் புதைத்தது செடிகளுக்குள் எங்கே என்று செல்விக்கே தெரியவில்லை.

திடீரென்று செல்வி போன் செய்தார். "அந்தத் தொட்டியையும் இடிக்கப் போறாங்களாம் சார். அப்புறம் எங்கம்மா கெடக்குற எடம் யாருக்குமே தெரியாமப் போயிரும்."

விஷயத்தைச் சொன்னேன். எங்கீங்க எதுவும் கேட்கவில்லை. அந்த மலையில் எடுத்த படங்களையெல்லாம் திறந்து பார்த்தார். ஒரு கல்யாணப் படத்தில் அதே பாறை, அதே தொட்டி. அதை எடுத்த இடம் பதிவாகியிருந்தது.

"இதுக்குக் கொஞ்சம் கீழதானுங்க இருக்கோணும். நாளைக்கே போலாமுங்க."

தோட்டத்தில் மழை. போட்டோவைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு செடிகளுக்குள் முன்னும் பின்னும் நடந்தார். வழுக்கி விழுந்தார். கால் முழுக்க அட்டை. செல்வி உப்போடு பின்னால் ஓடினார். மனிதர் நின்றால்தானே போட முடியும்!

படத்தில் இருப்பதுபோலவே பாறையின் முனை தொட்டிக்கு மேலே வந்ததும் நின்றார்.

"இங்கதானுங்கம்மா. ரெண்டடி முன்னப் பின்ன இருக்கலாமுங்க."

செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்தார். "அம்மா, எம்மக காலேசுல சேந்துட்டாம்மா" என்றார். வெகுநேரம் மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கீங்க கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கை மரத்துப்போனது. நான் அசையவில்லை.